தரை இறங்கவும்

பெருமாள்புரத்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் இரண்டாம் தளத்தில், ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஆவுடைநாயகத்தின் கூடத்தில் ஒரு விமானம் நின்றது. நின்றது என்னும் சொல்லை அவர் ஏற்கமாட்டார். அது பெரும்பாலும் பறந்துகொண்டிருந்தது.

தொடக்கத்தில் ஒரு மடிக்கணினியும் ஒரு கைப்பிடியும் மட்டுமே இருந்தன. பிறகு இணைப்புகள் வரத் தொடங்கின. இணைப்பு என்பது, இருக்கின்ற பொய்யோடு இன்னும் சிறிது மெய்யைச் சேர்த்து விற்பதற்கு அந்த நிறுவனத்தார் இட்ட பெயர். முதலில் வந்தது இருக்கை அதிரும் இணைப்பு. உடைத்துப் போட்ட விமானமொன்றின் இரட்டை இருக்கையைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்து, அடியில் மோட்டாரைப் பொருத்தினார்கள்; அன்றிலிருந்து கீழ்வீட்டுச் சுவரில் எந்தப் படமும் நேராக நின்றதில்லை. அடுத்தது காதடைக்கும் இணைப்பு. உயரம் ஏற ஏறக் காதுக்குள் காற்றை அழுத்தும் அந்தக் கருவியைக் கழற்றிய பிறகும் அரைநாளுக்கு ஒன்றும் கேட்காது. மனைவி உலகம்மை சொல்வது காதில் விழவில்லை என்பதற்கு ஆவுடைநாயகத்திடம் உண்மையான காரணம் ஒன்று இருந்தது அப்போதுதான் முதன்முறை. அதற்கும் அடுத்தது மண இணைப்பு. சூடான பிளாஸ்டிக், ஆறிப்போன காப்பி, யாரோ கழற்றிப் போட்ட காலுறை ஆகிய மூன்றும் கலந்த ஒரு வாடையை அது கூடத்தில் தெளித்தது. மூன்றாவதற்காக எதற்கு வெளியே வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு உலகம்மை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியாக வந்தது 'முழு நிஜம்' என்னும் இணைப்பு. அது வந்த நாள் முதல் விளையாட்டு என்ற சொல் அந்த வீட்டில் தடைசெய்யப்பட்டது. இடையில் நிறுத்திவைக்கும் பொத்தான் திரையிலிருந்து மறைந்தது; எந்த விமானி நடுவானில் விமானத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறான்? கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியின்றி இருக்கை வாரை அவிழ்த்தால் உரிமம் பறிபோகும். வயதும் சர்க்கரையும் ஏறிய ஒருவர் இந்த விதியால் பட்ட இன்னல்களை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, முழு நிஜத்தில் பயணிகள் உண்டு. ஒருவர் சில பிற்பகல்கள் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்து மனத்திலுள்ளதைப் பேசினால் போதும். அவருடைய குரல், நினைவு, பிடிவாதம் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, கருவி அவருக்கு ஒரு பிரதியை உண்டாக்கும். பிரதி விமானத்தில் ஏறும், இடம் சரியில்லை என்று சண்டை போடும், வெந்நீர் கேட்கும். விமானம் நொறுங்கினாலும், இடையில் மின்சாரத்தைத் துண்டித்தாலும் பிரதி அழிந்துபோகும். மறுபடி உண்டாக்க முடியாது. முழு நிஜத்தில் ஒருவருக்கு ஒரு சாவுதான். குடியிருப்பில் முப்பது பேர் சிரித்துக்கொண்டே இதற்குச் சம்மதித்துப் பிரதி கொடுத்திருந்தார்கள். காசில்லாமல் சென்னைக்குப் போய்வருகிறோம் என்று படிக்கட்டில் பேசிக்கொள்வார்கள்.

இந்தப் பிரதிகளை அஃறிணையில்தான் சுட்ட வேண்டும் என்பதில் ஆவுடைநாயகம் கண்டிப்பாக இருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலர் தேவசகாயம் வந்தார். தேவசகாயத்தின் பிரதி வந்தது. இதில் யாரும் தவறினால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். மூலப் பத்திரமும் நகலும் ஒன்றல்ல என்று ஆயுள் முழுவதும் முத்திரை குத்திய கை அது.

ஒரேயொரு பிரதியிடத்தில் மட்டும் அவருக்கு இந்த விதி சற்று உறுத்தியது. பதினான்காம் வரிசையின் சன்னலோரத்தில் உலகம்மையின் பிரதி இருந்தது. அது அடிக்கடி அழைப்பு மணியை அடித்து, விமானி அறையோடு பேசும். காதுக்கருவி வழியாக அவர் மட்டும் கேட்பார். மணமான புதிதில் கன்னியாகுமரிக்குப் போன பேருந்தில் சன்னலோர இருக்கையை அவரே எடுத்துக்கொண்டது பற்றி அது சொன்னது. வாரந்தோறும் அவர் ஆசையாக வாங்கிவரும் அகத்திக்கீரையை உலகம்மைக்கு என்றுமே பிடித்ததில்லை என்றது. தட்டச்சு உயர்நிலைத் தேர்வை எழுத விடாமல் மாமியார் நிறுத்தியதை இரண்டு முறை சொன்னது. அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டே அவர் விருதுநகரைத் தாண்டிவிடுவார். பல நாள்களாக அவர் விமானம் ஓட்டியது இந்தப் பேச்சுக்காகத்தான். இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. மூலத்திடம் சொல்லவே இல்லை.

இந்நிலையில்தான் கோபுரம் தமிழில் பேசத் தொடங்கியது. அதற்கும் காரணம் ஆவுடைநாயகமே. தூத்துக்குடிக்கு மேலே பறக்கும் தமிழனைத் தமிழில் வழிநடத்தாத கோபுரம் எதற்கு என்று அவர் நிறுவனத்துக்கு விடாமல் எழுதினார். அவர்களும் இணங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தமிழ்க் கோபுரத்தை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அதை எழுதியவர் எவர், எந்தப் பள்ளியில் படித்தார், அவருக்குத் தமிழ் கற்பித்தவர் மாதந்தோறும் எதற்காகச் சம்பளம் வாங்கினார் என்பதெல்லாம் இன்றுவரை வெளிவரவில்லை.

சென்னையிலிருந்து கிளம்பிய விமானம் மதுரையை நெருங்கும்வரை குறை ஒன்றும் இல்லை. அங்கேதான் திரையில் முதல் கட்டளை வந்தது: 'அழகர் மலை கடந்ததும் உயரம் குறைக்கவும்.' மலையை என்று எழுதியிருக்க வேண்டும். ஐ உருபை விழுங்கிவிட்டார்களே என்று ஆவுடைநாயகம் முகம் சுளித்தார். சுளித்த முகம் அப்படியே நின்றது. இடப்பக்கச் சன்னலில் தெரிந்த அழகர் மலை, மரங்களும் குரங்குகளுமாக மெல்ல நகர்ந்து, விமானத்தின் முன்னால் குறுக்கே நடந்து, வலப்பக்கம் போய் நின்றது. பிரதிகள் எல்லாம் எழுந்து கைகூப்பின. நயினார் முகம்மதின் பிரதி மட்டும், மதுரையில் இது வழக்கம்தானா என்று பக்கத்து இருக்கையை விசாரித்தது. புதிய காட்சி இணைப்பு போலும் என்று எண்ணி, ஆவுடைநாயகம் உயரத்தைக் குறைத்தார்.

தூத்துக்குடி வந்தது. உப்பளங்கள் வெயிலில் பளபளத்தன. இறங்க அனுமதி கேட்டார். கோபுரம் உடனே தந்தது: 'தரை இறங்கவும்.'

அவர் விமானத்தைக் கீழே சாய்த்தார். ஓடுதளம் கிட்டே வரவில்லை. இன்னும் சாய்த்தார். உயரமானியின் முள் அசையாமல் நின்றது. மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி அனுமதி கேட்டார். மறுபடி அதே கட்டளை. இப்போது உப்பளங்கள் கோலப்பொடி சிந்தியதுபோல் சிறுத்திருந்தன. மூன்றாம் முறை கேட்டபோது தூத்துக்குடியே கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டது. விமானம் தன் இடத்தில்தான் இருந்தது. தரை கீழே போய்க்கொண்டிருந்தது. கடல் மட்டும் அந்தப் பள்ளத்துக்குள் வழியாமல் பழைய மட்டத்திலேயே நின்றது.

ஆவுடைநாயகம் திரையிலிருந்த இரண்டு சொற்களையும் ஒரு பத்திரத்தைப் படிப்பதுபோல் நிறுத்திப் படித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

'தரையிறங்கவும்' என்று ஒரே சொல்லாக எழுதினால், தரையில் இறங்கவும் என்று பொருள். ஏழாம் வேற்றுமை உள்ளே மறைந்திருக்கிறது. நடுவில் இடைவெளி விட்டால் தரை எழுவாயாகிவிடுகிறது. இறங்க வேண்டியது தரைதான். ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இது. கிணற்றடிப் பத்திரமொன்றில் ஒரு சொல் தள்ளி நின்றதால் இரண்டு குடும்பங்கள் தலைமுறைக்கும் வெட்டிக்கொண்டதை அலுவலகத்தில் கண்டிருக்கிறார். ஆனால் ஒரு சொல் தள்ளி நின்றதால் ஒரு மாவட்டமே கீழே போனதை இப்போதுதான் கண்டார்.

நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தார். நப்பின்னை என்னும் பொறியாளர் பேசினார். குரலில் ஞாயிற்றுக்கிழமைக் கடமையின் களைப்பு இருந்தது.

"சார், எங்க உலகம் பழைய மாதிரிப் படத்தால செஞ்சது இல்ல. வாக்கியத்தால செஞ்சது. வானிலை அறிக்கை மழைன்னு சொன்னா மழை பெய்யும். கோபுரம் சொன்னா உலகம் கேக்கும். எழுத்துல என்ன இருக்கோ அது அப்படியே நடக்கும்."

"உங்க கோபுரம் விமானத்தை இறங்கச் சொல்லலம்மா. தரையை இறங்கச் சொல்லுது. நடுவுல இடைவெளி விட்டிருக்கீங்க."

"ஒரு இடைவெளிதானே சார்?"

"அந்த இடைவெளியிலதாம்மா இப்ப முப்பது பிரதி தொங்குது."

மறுமுனையில் நப்பின்னை விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு, இந்தக் குறையைப் பதிவு செய்துகொண்டதாகவும், அடுத்த மாதப் புதுப்பித்தலில் பரிசீலிப்பார்கள் என்றும் சொன்னார். ஆவுடைநாயகம் எரிபொருள் முள்ளைப் பார்த்தார். அது அடுத்த மாதம்வரை தாங்குகிற முள்ளாகத் தெரியவில்லை.

நிறுவனத்தார் வேறொரு இணைப்பையும் முழு நிஜத்தோடு சேர்த்தே கொடுத்திருந்தார்கள். அதை அவர் மறந்துபோயிருந்தார். ஆபத்துக் காலத்தில் பயணிகள் தத்தம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம்.

முதலில் கதவைத் தட்டியவர் தேவசகாயம். பனியனோடு நின்றார், கையில் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, என்ன நடக்கு இங்க? நானே எனக்கு போன் பண்ணி அழுதேன். ஆறுதல் சொல்லலாம்னா வாயத் தொறக்க விடமாட்டேங்கான். இப்படியா நான் பேசுதேன்? எனக்கே என் மேல எரிச்சலா வருது."

பின்னாலேயே நயினார் முகம்மது வந்தார். கடைத்தெருவில் பயணப்பெட்டிகள் விற்பவர், எதற்கும் பதறாதவர். இப்போது முகம் வெளிறியிருந்தது.

"சார், அந்த ஆளு உயில் சொல்லுதான். என் காலத்துக்குப் பொறவு கடை உனக்குத்தான்னு எங்கிட்டயே சொல்லுதான். பத்திரமாப் பாத்துக்கோன்னு ஒரே அழுகை. சட்டப்படி இது செல்லுமா?"

செல்லாது என்று ஆவுடைநாயகம் சொல்வதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. ஒவ்வொருவர் காதிலும் அவரவர் குரலே கெஞ்சிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி அம்மையார் தம் பிரதியிடம் செபம் சொல்லச் சொன்னார். அது, நீ சொல்லு, உனக்கு நேரம் இருக்கு என்றது. நிலைமையை ஆவுடைநாயகம் விளக்கினார். இடைவெளி என்ற இடத்தில் எல்லாரும் ஒருமுறை திரையை எட்டிப்பார்த்து, எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றார்கள். அவர் பற்களைக் கடித்துக்கொண்டார்.

தேவசகாயம் சங்கக் கூட்டங்களை நடத்திப் பழகியவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். யாருக்கும் காயமில்லை, எல்லாரும் இதோ இங்கே முழுசாக நிற்கிறோம். பயந்து பயந்து சாவதைவிட மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவர் கையிலிருந்த தொலைபேசி இதைக் கேட்டுவிட்டது. செயலர் பதவியை அந்த இடத்திலேயே ராஜினாமா செய்யும்படி அவருடைய பிரதி அவரிடம் உரத்த குரலில் கோரியது. சங்கத்தில் அந்தக் கோரிக்கையை எழுப்பிய முதல் உறுப்பினர் அதுதான்.

"அதுக எல்லாம் வெறும் நகல்தான அண்ணாச்சி. நீங்கதான சொன்னீய?" என்றார் தேவசகாயம், தொலைபேசியைப் பொத்திக்கொண்டு.

ஆவுடைநாயகம் சுவிட்சுப் பலகையின் பக்கம் திரும்பவில்லை. காதுக்கருவியில் அழைப்பு மணி ஒலித்துக்கொண்டிருந்தது. பதினான்காம் வரிசை. உலகம்மை சமையலறை வாயிலில் தோளைச் சாய்த்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக இல்ல வேய்," என்றார் ஆவுடைநாயகம். "அவங்க."

அவர் திருத்துவார் என்பது எல்லாருக்கும் தெரியும். தம்மையே திருத்திக்கொள்வார் என்பது தெரியாது.

நப்பின்னையை மறுபடி அழைத்தார். எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள் என்று முப்பது மூலங்களும் கேட்டன, இல்லை, கேட்டார்கள். குரல்களின் நெரிசலில் நப்பின்னைக்கும் களைப்பு கலைந்திருக்க வேண்டும். தாழ்ந்த குரலில் சொன்னார்: விமானிக்கு ஒரே ஒரு அவசர வேண்டுகோள் உண்டு. ஒரு வாக்கியம். அதை விமானி எழுதி அனுப்பினால், கோபுரம் அப்படியே திருப்பிச் சொல்லும், சொன்னது நடக்கும். ஆனால் அதில் இறங்குதல் என்ற பொருளில் எந்தச் சொல் வந்தாலும் கோபுரம் தன் பழைய கட்டளையையே எடுத்துப் போட்டுவிடும்.

"ஆபீசுல எப்படியோ அப்படித்தான் சார். எப்படிக் கேட்டாலும் அதே பதில் அச்சடிச்சு வச்சிருக்கும்."

சார்பதிவாளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. கூடத்தில் ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள். பயணிகளைக் கீழே விடவும் என்றார் ஒருவர். விட்டுவிடும், இந்த உயரத்திலிருந்து அப்படியே விட்டுவிடும் என்றார் ஆவுடைநாயகம். எங்களைக் காப்பாற்றவும் என்றார் மூன்றாம் மாடி அம்மையார். யார், எதிலிருந்து, எப்படி? எழுவாயும் இல்லை, வழியும் இல்லை. எங்களை வீட்டில் கொண்டு சேர்க்கவும் என்றார் நயினார் முகம்மது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். விமானம் நேராக வந்து அவரவர் வீட்டின் மேல் மோதினாலும் சேர்த்ததாகத்தான் பொருள் என்றதும் மகிழ்ச்சி அடங்கியது. தமிழில் இவ்வளவு ஆபத்து இருப்பது தெரிந்திருந்தால் பேசாமல் ஆங்கிலக் கோபுரத்தையே வைத்திருக்கலாமே என்று தேவசகாயம் முணுமுணுத்தார். தமிழில் ஆபத்தில்லை, எழுதுகிறவனிடத்தில்தான் என்று ஆவுடைநாயகம் சீறினார்.

அழைப்பு மணி இன்னும் நிற்கவில்லை. காதுக்கருவியைக் கழற்றி, அந்தக் குரலையும் ஒலிபெருக்கியில் போட்டார். இத்தனை பேர் முன்னிலையில், மனைவியின் முன்னிலையிலும், அது வெளியே கேட்கப்போவது அதுவே முதல் தடவை.

"எறங்க விடலன்னா ஏறச் சொல்லுங்களேன்."

இதைச் சொன்னது ஒரு குரலா இரண்டு குரலா என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து வந்த அதே சொற்கள், அதே இழுப்போடு, அதே நொடியில், சமையலறை வாயிலிலிருந்தும் வந்திருந்தன. எல்லாரும் ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டு உலகம்மையைப் பார்த்தார்கள். உலகம்மை ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

ஆவுடைநாயகத்துக்கு மின்னல் வெட்டியதுபோல் இருந்தது. இறங்க வேண்டியது விமானம் என்று யார் விதித்தது? தரை இறங்க முடியுமென்றால் தரையால் ஏறவும் முடியும். விசைப்பலகையின் மேல் குனிந்து, 'மெதுவாகத்' என்று தொடங்கினார். எரிபொருள் எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

"அண்ணாச்சி, அந்த 'த்' இப்ப அவசியமா?" தேவசகாயம் அவர் தோளைப் பற்றிக்கொண்டார்.

"அவசியம்."

அடுத்த சொல்லில்தான் அவருடைய விரல் நின்றது. 'தரையேறவும்' என்று சேர்த்தெழுதினால், கரையேறுவதுபோல் தரைமேல் ஏறவும் என்றாகிவிடும், அழைக்கப்படுவது விமானம். பிரித்து எழுதினால்தான் தரை எழுவாய், தரை ஏறும். காலையிலிருந்து எந்த இடைவெளியைச் சபித்துக்கொண்டிருந்தாரோ, அதே இடைவெளியைத் தம் கையாலேயே, கண்ணைத் திறந்துகொண்டே, விட வேண்டியிருந்தது. விட்டார். பிறகு எல்லை வகுக்காத பத்திரம் செல்லாதென்பதால் ஒரு தொடரையும் சேர்த்தார். கூடத்திலிருந்தோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள்:

'மெதுவாகத் தரை ஏறவும், சக்கரங்களைத் தொட்டதும் நிற்கவும்.'

அனுப்பினார். கோபுரம் யோசித்தது. யோசிக்கும் நேரத்தில் எஞ்சின் ஒன்று விக்கி நின்றது. பிறகு கோபுரம் தன் கணீரென்ற குரலில், ஓர் எழுத்தும் பிசகாமல், அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னது.

சற்று நேரம் சன்னலில் நீலம் மட்டுமே இருந்தது. பிறகு, மின்தூக்கியில் ஏறி வருகிற ஆளின் தலை முதலில் தெரிவதுபோல், பனைகளின் தலைகள் தெரிந்தன. அவற்றின் பின்னே உடைமரங்கள், உப்பளங்கள், ஒரு தேநீர்க் கடை, வேலியோரம் படுத்திருந்த ஆடுகள் என்று தூத்துக்குடி முழுவதும், அவசரமில்லாமல், மேலே ஏறி வந்தது. ஆவுடைநாயகம் ஓடுதளத்தின் கோட்டுக்கு நேராக விமானத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். ஓடுதளம் வந்து, பூனை காலில் உரசுவதுபோல், சக்கரங்களில் உரசி நின்றது.

விமானம் ஓடி நின்றபோது கூடத்தில் முப்பது பேரும் கைதட்டினார்கள். விமானத்துக்குள்ளும் முப்பது பேர் கைதட்டினார்கள். நயினார் முகம்மது தம் தொலைபேசியில், கடையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி தமக்கே சொல்லிக்கொண்டிருந்தார். தேவசகாயம் தம் பிரதியிடம் மன்னிப்புக் கேட்டார். அதை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று பிரதி பிடிவாதம் பிடித்தார். பிடித்தது என்று இங்கே எழுதினால் ஆவுடைநாயகம் இப்போது ஒப்பமாட்டார்.

பயணிகள் படியிறங்கிக் கடற்கரைப் பக்கம் போனார்கள். ஒலிபெருக்கியில் பதினான்காம் வரிசைக்காரர் கரையிலிருந்து கடைசியாக ஒருமுறை பேசினார்.

"நல்லா எறக்கினீங்க கேப்டன்."

"நான் எறக்கல. தரை ஏறுச்சு."

"இங்க வந்து பாருங்க. தரைதான் மேல வந்திருக்கு, கடல் வரல. கரையில நின்னு எட்டிப் பாத்தா அது அடியில தட்டுல ஊத்துன மாதிரிக் கெடக்கு. வெள்ளக் கோடு கோடா அலை. யாரும் இப்படிக் கடலப் பாத்திருக்கமாட்டாங்க."

தரை என்று எழுதியதில் கடல் அடங்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எந்த ஊர்த் தரை என்று எழுதாமல் விட்டதும் உறைத்தது. அந்த நேரத்தில் முழு நிஜத்தில் பறந்துகொண்டிருந்த அத்தனை விமானிகளும் தங்கள் கால்களுக்கு அடியில் தரை வந்து முட்டியதைக் கண்டார்கள் என்றும், ஈரோட்டுக்காரர் ஒருவர் மஞ்சள் காட்டின் நடுவே நிற்கிறார் என்றும் நப்பின்னை பிற்பகலில் அழைத்துச் சொன்னார். யாருக்கும் அடி இல்லை. தரையெங்கும் ஒரே அளவாக ஏறியதால் அதன்மேல் இருந்த எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடற்கரையில் இருப்பவர்கள் மட்டும் எட்டிப்பார்க்கிறார்கள்.

ஆவுடைநாயகம் பயண அறிக்கையை எழுதினார். 'பயணிகள் அனைவரும் நலமாக இறங்கினர்' என்று முடித்தார். அத்துடன், இடைவெளிப் பிழையையும் ஐ உருபையும் சுட்டிக்காட்டி ஓர் இணைப்பையும் அனுப்பினார். அரைமணி நேரத்தில் நிறுவனத்தின் பதில் வந்தது. 'தாங்கள் சுட்டிய பிழை திருத்த பட்டது. இனி தரையிறக்கம் இனிதே நடை பெறும்.'

அவர் அதை இருமுறை படித்தார். 'திருத்த பட்டது' என்பதில் ஒற்றைக் காணோம், அது ஒருபுறம் இருக்கட்டும். இனி வரும் தரையிறக்கம் நடை பெறுமாம். கால் முளைத்து நடக்குமாம். மடிக்கணினியை மூடி, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு உலகம்மை வந்து இருக்கையின் அருகே நின்றார். கையில் காப்பி இல்லை. ஆவுடைநாயகம் வாரை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. இத்தனை நாள் அந்தப் பிரதியோடு பேசிக்கொண்டிருந்ததை, பேருந்தை, கீரையை, தட்டச்சை, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எந்தத் தொடருக்கும் எழுவாய் கிடைக்கவில்லை.

"அவ சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான்," என்றார் உலகம்மை. "அந்த மிஷின் முன்னால உக்காந்து நாலு நாள் மத்தியானம் சொன்னேன். அதுக்கு முன்னாடி நாப்பது வருசம் இந்த அடுக்களையிலிருந்து சொன்னேன். கேக்கதுக்கு நீங்க முப்பதாயிரம் அடி ஏற வேண்டியிருந்துச்சு."

ஆவுடைநாயகம் தலைகுனிந்துகொண்டார். திருத்துவதற்கு அந்தப் பேச்சில் ஒன்றும் இல்லை.

"அந்தக் கடல நானும் பாக்கணும்," என்றார் உலகம்மை. "எந்திரிங்க. சன்னல் பக்கம் எனக்கு."

வாரை அவிழ்க்கக் கோபுரத்தின் அனுமதி வேண்டும். அவர் திரையைப் பார்த்தார், மடிக்கணினி மூடியிருந்தது. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எறங்கலாமா?"

"எறங்குங்க."

வாரை அவிழ்த்தார். காலை நீட்டுமுன், தரை அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.